உள்ளே கூப்பிடுகிறவள்

ஜூலை 8, திங்கள்

இது போன வருஷத்து சமூக அறிவியல் நோட்டு. பின்னால் நாற்பது தாள் மிச்சம் இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பார்த்தால் அடுப்பில் போட்டுவிடுவாள். இந்த வீட்டில் பேசக் கூடாத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்.

இன்று பிச்சு படிக்கும் பள்ளிக்கு மருத்துவ வேன் வந்ததாம். பிச்சு என் தங்கச்சி. ஆறு வயசு, ஒன்றாம் வகுப்பு. எடை நாற்பத்தொன்பது கிலோ. நான் பத்தாம் வகுப்பு, நாற்பத்தொன்று.

"மிஷினுக்குக் கோளாறுன்னு அந்த நர்சம்மா தான் ஏறிப் பாத்துட்டு எறங்குனா. அவளுக்குச் சரியாத்தான் காட்டிச்சு" என்று தாயம்மா அத்தை சிரித்தாள். எங்கள் வீட்டு முன்கட்டில் கடலைமிட்டாய் போடுகிறோம். தாயம்மா அத்தை அங்கே கடலை புடைக்க வருகிறவள். அம்மா சிரிக்கவில்லை.

பிச்சுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

விழித்தபோது பிச்சு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இருட்டில் அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பச்சரிசி.

"வல்லிக்கா, பசிக்கு."

எட்டு மணிக்கு ஆறு தோசை சாப்பிட்டவள். ஒன்பது மணிக்கு அப்பா தட்டிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட்டவள்.

"தூங்கு பிச்சு. காலைல சாப்பிடலாம்."

"தூங்க விடமாட்டேங்கா. உள்ள இருந்து கூப்பிடுதா."

"யாரு?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

இதே வார்த்தையை இதே குரலில் இதற்கு முன்னால் ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் பேரை எழுத மாட்டேன். சொன்னால் வந்துவிடுவாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எழுதினால் சொன்னதாகுமா என்று தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். அம்மா, நான், தாயம்மா அத்தை, பிச்சு. கோவில்பட்டி வந்து பஸ் மாறிப் போக வேண்டும். பஸ்ஸில் பிச்சு முன் சீட்டுக்காரி பையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டாள். அந்த அம்மா திட்டவில்லை. பிச்சுவைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்டர் பேர் நிலோஃபர். சின்ன வயசு. பிச்சுவோடு தரையில் உட்கார்ந்து பேசினார். பிறகு ஒரு பாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "அம்மா யாரு?" என்று கேட்டார்.

அம்மா தாயம்மா அத்தையைப் பார்த்தாள். தாயம்மா அத்தை, "நாந்தான்" என்றாள்.

இதை விளக்கி எழுதியாக வேண்டும். ஒரு பிள்ளை செத்து அடுத்த பிள்ளை பிறந்தால் எங்கள் பக்கம் அதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிச்சு பிறந்த பதினாறாம் நாள் அம்மா அவளைத் தாயம்மா அத்தை மடியில் போட்டாள். அத்தை ஒரு சொளகு, அதாவது ஒரு முறம், நிறையத் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "எம்பிள்ளைய நீ வளத்துக் குடு" என்று அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள். பிச்சையாக வாங்கிய பிள்ளை, அதனால்தான் பிச்சம்மாள் என்று பேர். பிச்சு அம்மாவை 'அத்தை' என்பாள், தாயம்மா அத்தையை 'அம்மா' என்பாள். செத்த பிள்ளை திரும்பி வந்து பார்த்தால் இந்த வீட்டில் தனக்கு ஒரு தங்கச்சி இருப்பது தெரியக் கூடாது. தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அம்மா அதை டாக்டரிடமும் காப்பாற்றினாள்.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லம்மா. அவிய மேலக்கரை, நான் அசலூரு" என்றாள் தாயம்மா அத்தை. அது உண்மைதான், அவளைப் பொறுத்தவரை.

"இதுக்கு முன்னாடி குழந்தை எதுவும் தவறியிருக்கா? இந்த மாதிரி எடையோட?"

"இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா கட்டிக்கொண்டது அவளுடைய சொந்தத் தாய்மாமனை. அப்பாவை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். காலை இரண்டு இட்லி. மதியம் ஒரு கப் சோறு. இனிப்பு கூடாது. அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி மறுபடி வர வேண்டும்.

ஜூலை 20, சனி

அடுப்படிக்குப் பூட்டு வாங்கி வந்தார் அப்பா. பட்டியலை அம்மா சுவரில் ஒட்டினாள். மஞ்சள் தடவி ஒட்டினாள், ஏதோ மந்திரத் தகடு மாதிரி.

ஜூலை 24, புதன்

பட்டியல்படி ஐந்து நாள். பிச்சு சுண்ணாம்பு தின்கிறாள். சாக்பீஸ் தின்கிறாள். என் அழிரப்பரைக் காணோம்.

யாரும் காட்டிக் கொடுக்காமலே கருப்பட்டி டப்பாவைப் பரண் மேலிருந்து எடுத்துவிட்டாள். அந்த இடத்தைப் பிச்சு பார்த்ததே கிடையாது. முன்னால் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அம்மா டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பாவிடம், "அவதான் மாமா. அவ நடையேதான் நடக்கா" என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 31, புதன்

எஸ்தர் டீச்சர் மரபியல் பாடம் ஆரம்பித்தார். நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. மறைந்திருக்கும் பண்பு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியுமாம்.

"சொந்தத்துல கல்யாணம் பண்ணா ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணே மறைஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி" என்றார்.

முத்துலெட்சுமி எழுந்து, "டீச்சர், எங்க வீட்ல எல்லாரும் அத்த மக, மாமா மவந்தான். மறைஞ்சிருக்கது எங்கய்யா பீடிக்கட்டு ஒண்ணுதான்" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

நான் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போட்டேன். மேலே அப்பா, பக்கத்தில் அம்மா. ஒரு கட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டு கட்டத்தில் பாதிப் பாதி. நாலாவது கட்டத்தில் முழுசு. அந்த ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேர் எழுதவில்லை. தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பினேன். அதன் பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்நூறு பாக்கெட் ஆர்டர். பாகு கொதிக்கும் இடத்துக்கு பிச்சு ஓடி ஓடி வருகிறாள். கையை விட்டுவிடுவாள் என்று பயம். அம்மா அவளைப் பின்கட்டு அறைக்குள் விரட்டிவிட்டு என்னிடம், "ஏட்டி, கதவச் சாத்திக் கொண்டியப் போடு" என்றாள். அம்மா இரண்டு கையிலும் பாகுச் சட்டியைப் பிடித்திருந்தாள்.

போட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

இன்றும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒன்பது நாளாகி விட்டது. மிட்டாய் போடும் நேரமெல்லாம் அவள் பின்கட்டில்தான். பள்ளிக்கும் அனுப்புவதில்லை. மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டைப் பிடுங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

முதலில் கத்துவாள். பிறகு கதவோடு வாயை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்வாள். "வல்லிக்கா, பசிக்கு. வல்லிக்கா, ஒரே ஒரு கடல." இன்று மத்தியானம் நான் கதவுக்கு இந்தப் பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் யாருடனோ பேசுகிறாள். கேட்கிறாள், நிறுத்துகிறாள், பதில் வந்த மாதிரி "ம்" என்கிறாள்.

இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. பேர் எழுத மாட்டேன் என்றேனே, எனக்கு எட்டு வயசாக இருக்கும்போது அவளுக்கு நாலு. இப்போதைய பிச்சுவைவிடச் சின்னவள், அதே உடம்பு, அதே பசி. பிச்சு அப்போது பிறக்கவில்லை. அன்றும் கொடை ஆர்டர்தான். இதே அறையில்தான் அவளை விட்டார்கள். உள்ளே மூட்டையில் விதைக்கடலை இருந்தது. பூச்சி விழாமல் மருந்து தடவியது, ரோஸ் நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கும். சாயங்காலம் கதவைத் திறந்தபோது அவள் வாயெல்லாம் ரோஸ் நிறம். ஊருக்கு, காய்ச்சல் என்று சொன்னார்கள்.

அன்றைக்குக் கொண்டி போட்டது யாரென்று யாரும் கேட்டதில்லை. கொண்டி உயரத்தில் இருக்கிறது. எட்டு வயசுப் பிள்ளைக்கு எட்டாது. வெல்ல டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறினால் எட்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

கரெண்ட் இல்லை. இருட்டில் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பள்ளி விட்டு வந்ததும் கொண்டியைத் திறந்தேன். பிச்சு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். சுவருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் வெடிப்பை விரலால் தோண்டிக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் மண்.

"என்ன பிச்சு?"

கையை விரித்துக் காட்டினாள். மூன்று கடலை. பழசாகி, சுருங்கி, மண் ஒட்டி. ஆனால் ரோஸ் நிறம் போகவில்லை.

"தின்னியா? ஏட்டி, தின்னியா?" அவள் வாயைப் பிளந்து விரலை விட்டுத் தடவினேன். கடித்துவிட்டாள். வாயில் ஒன்றுமில்லை.

"இங்கன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா காட்டுனா."

"எந்த அக்கா?"

"உள்ள இருக்க அக்கா."

அவள் வயிற்றைத் தொடவில்லை. மூலையைக் காட்டினாள்.

கடலையைத் தாளில் சுற்றி வாறுகால் சாக்கடையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு நாலு தடவை கழுவினேன். நாளை ஆஸ்பத்திரித் தவணை. அம்மாவுக்கு ஆர்டர் வேலை. டோக்கன் வாங்கவும் சீட்டு வாசிக்கவும் தாயம்மா அத்தைக்குத் தெரியாது என்று சொல்லி நானும் போகிறேன்.

சொன்னால் வந்துவிடுவாள். சொல்லாவிட்டால் இங்கேயே இருக்கிறாள். ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எடை ஐம்பத்தொன்று.

டாக்டருக்குக் கோபம். "பட்டியல் குடுத்தேனேம்மா. ஒரு மாசத்துல ரெண்டு கிலோ கூடியிருக்கு. பாவம்னு கண்டதையும் குடுக்குறீங்களா?"

தாயம்மா அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லம்மா" என்றாள். பிச்சு டாக்டர் மேசையிலிருந்த பஞ்சை எடுத்து வாயில் வைத்தாள்.

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் பதில் சொல்ல எழுகிற மாதிரி.

"டாக்டர், இவ என் கூடப்பொறந்த தங்கச்சி. இந்த அத்தை இவளப் பெறல."

"வல்லி, வாய மூடு" என்றாள் தாயம்மா அத்தை. என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கம்மா எங்கப்பாவுக்கு அக்கா மக. எனக்கு அடுத்து ஒரு தங்கச்சி இருந்தா. இவள மாதிரியே. நாலு வயசுல செத்துப்போனா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவ பேரு என்ன?"

பாரத்தில் எழுதத்தான் கேட்டிருப்பார். தாயம்மா அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டே முழங்கையால் பிச்சுவையும் தன் மடிக்குள் இழுத்தாள்.

"மாரிச்செல்வி" என்றேன்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு. ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் பழைய பாரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதுசு எடுத்தார். முதலிலிருந்து கேட்டார். பிறந்தபோது எடை எவ்வளவு, எத்தனையாவது மாதத்திலிருந்து பசி, எத்தனை தடவை காய்ச்சல். பிச்சு கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தியதற்கு அவள் அழவில்லை. "ரத்தம் குடுத்தா பிஸ்கட்டு தருவியளா?" என்று கேட்டாள்.

"இனிமே இவளை எங்கேயும் அடைக்கக் கூடாது" என்றார் டாக்டர். அடைக்கிறோம் என்று நான் சொல்லவேயில்லை. பிச்சு நகத்தைப் பார்த்திருப்பார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தாயம்மா அத்தை பிச்சுவைக் கூட்டிக்கொண்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பிச்சுவுக்குக் காய்ச்சல். தொட்டால் சுடுகிறது. மூச்சில் கரகரவென்று சத்தம்.

அம்மாவிடம் தாயம்மா அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா என்னை அடிக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து பிச்சு நெற்றியில் போட்டுக்கொண்டே, "பேரச் சொல்லிட்டேல்லா. வந்துட்டா" என்றாள். அவ்வளவுதான்.

பிச்சு சாப்பாடு கேட்கவில்லை. இதுவரை ஒருநாளும் இப்படி நடந்ததில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தா. பிச்சுவுக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். நிமோனியா. நோட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

ராத்திரி அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெற்றவள் என்று இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அன்னைக்கு நாந்தான் கொண்டியப் போடச் சொன்னேன். நீ சின்னப் பிள்ள."

இவ்வளவு வருஷம் அம்மாவும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் தோளில் சாயவில்லை. சாய்ந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலை ஆறு மணிக்குப் பிச்சு கண்ணைத் திறந்து, "இட்லி" என்றாள். அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

காய்ச்சல் பேரைச் சொன்னதால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். இவள் உடம்பில் இல்லாத ஒன்று நோயை எதிர்க்கவும் வேண்டுமாம். அது என்னவென்று ரத்த முடிவு வந்ததும் சொல்வாராம்.

செப்டம்பர் 27, வெள்ளி

எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். அப்பாவும் வந்திருந்தார். வேட்டியை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"நம்ம உடம்புல இருக்குற கொழுப்பு சும்மா கிடக்கிறதில்ல. லெப்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. அது ரத்தத்துல போயி மூளைகிட்ட, சேமிப்பு இருக்கு, போதும்னு சொல்லும். அந்த ஹார்மோனை எப்படிச் செய்யணும்னு ஒரு ஜீன்ல எழுதியிருக்கு. உங்க ரெண்டு பேருகிட்டயும் அதுல ஒரு பிரதியில பிழை. இன்னொரு பிரதி நல்லா இருக்கிறதால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. இவளுக்கு ரெண்டு பக்கமும் பிழை வந்துருச்சு. இவ ரத்தத்துல அந்த ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லவே இல்ல."

"குண்டா இருக்க பிள்ளைக எல்லாத்துக்கும் இதானா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல. இது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல வெளிய வரும்."

அம்மா மெல்லக் கேட்டாள். "அப்பம் அவளுக்குள்ள யாரும் இல்லையா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "போதும்னு சொல்ல வேண்டியவதான் இல்ல. இத்தனை கொழுப்பு இருந்தும் அவ மூளைக்கு அது தெரியாது. பட்டினி கிடக்கான்னே நினைக்குது. நாலு நாள் சாப்பிடாதவங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவளுக்கு, பொறந்ததுல இருந்து, ஒவ்வொரு நிமிஷமும்."

பட்டினி கிடக்கிற பிள்ளையை நாங்கள் கடலைமிட்டாய் வாசனையில் வைத்துப் பூட்டினோம். இரண்டு பேரை.

இதற்கு ஊசி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எழுதிப் போட்டிருக்கிறார்கள். தினமும் போட வேண்டும், நிறுத்தினால் பசி திரும்பிவிடும். என் ரத்தத்தையும் பார்த்தார்கள். எனக்கு ஒரு பிரதியில் பிழை. பஸ்ஸில் அம்மா, "ஒன்னச் சொந்தத்துல குடுக்க மாட்டேன்" என்றாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அக்டோபர் 2, புதன்

அப்பா பின்கட்டுக் கதவைக் கழற்றிவிட்டார். நிலை மட்டும் நிற்கிறது. வெடிப்பை சிமெண்ட் வைத்து அடைத்தார். இப்போது மிட்டாய் போடும் நேரத்தில் பிச்சு தாயம்மா அத்தையோடு கண்மாய்க்கரைக்குப் போய் வருகிறாள்.

பசி மட்டும் குறையவில்லை. ராத்திரி அந்த மெல்லும் சத்தம் தினமும் கேட்கிறது. நான் எழுந்து போய் அவளோடு உட்காருகிறேன். வெள்ளரிக்காய் வெட்டிக் கொடுக்கிறேன்.

மே 5, திங்கள்

ஏழு மாதம் எழுதவில்லை. பரீட்சை.

ஊசி வந்துவிட்டது. இன்று முதல் நாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாவுக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார். அம்மா ஊசியைக் கிட்டே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டாள். "போடு அத்தை, வலிக்காது" என்றாள் பிச்சு.

மே 9, வெள்ளி

ஒன்றும் வித்தியாசமில்லை. இன்று ஒன்பது தோசை.

மே 16, வெள்ளி

நானும் பிச்சுவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பிச்சு இரண்டு தோசை தின்றாள். மூன்றாவதில் ஒரு விள்ளல் பிய்த்துச் சட்னியில் தொட்டாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"என்ன பிச்சு?"

அவள் கண் பெரிசாகிவிட்டது. மற்றக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தோசைக்கல் காய்ந்து புகைந்தது, அம்மா எண்ணெய் ஊற்றவில்லை.

"வல்லிக்கா, அவ கூப்பிடல."

"யாரு?"

"உள்ள இருக்கவ. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். பேசவே மாட்டேங்கா." உதடு பிதுங்கியது. "போயிட்டாளா? எனக்குப் பயமா இருக்கு."

அவள் பிறந்ததிலிருந்து அந்தக் குரல் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை. சாப்பாட்டைப் பிடுங்கியபோதுகூட இப்படி அழவில்லை, இன்று தேம்பித் தேம்பி அழுதாள். ஆள் இறந்த வீட்டில் அழுவது மாதிரி. அம்மா தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "இதுக்குப் பேருதான் வயிறு நெறையது, தாயி. எல்லாருக்கும் இப்படித்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். வீட்டில் எங்கும் மெல்லும் சத்தம் இல்லை. பிச்சு என் கையைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறாள். "நீ கேட்டுப் பாரு" என்றாள். அவள் சட்டையை விலக்கி வயிற்றில் காதை வைத்தேன். இரண்டு தோசை செரிக்கும் சத்தம் மட்டும்தான். யாரும் இல்லை என்று சொன்னேன்.

"நல்லாக் கேளு" என்றாள்.

இன்னொரு தடவை காதை வைத்திருக்கிறேன். என் வலது கையையும் அவள் பிடித்துக்கொண்டாள், இடது கையால் எழுத வரவில்லை. நிறுத்துகிறேன்.